உறவுமுறையும் ஊர்க்கணக்கும்



உத்திரமேரூருக்கு வந்து மேடையேறுகிறவர்கள் எல்லாரும் குடவோலையில்தான் தொடங்குவார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊரைத்தான் சொன்னார். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் பானையையும் ஓலையையும் உங்களுக்கு விளக்கப் போவதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அந்தக் கல்வெட்டில் மேடைகளில் அதிகம் வாசிக்கப்படாத ஒரு பட்டியல் இருக்கிறது. பெண் சமத்துவமும் ஊழலும் என்ற இன்றைய தலைப்புக்கு அதுதான் வாசல்.

முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க இந்த ஊர்ச் சபையார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். முதல் ஏற்பாட்டில் ஓட்டை தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் யார் கல்தச்சனைக் கூப்பிடுவார்கள்? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி ஓலைக்கு வரக்கூடாது என்பது விதி. அதோடு நிற்கவில்லை. அவனுடைய உறவுக்காரர்களும் வரக்கூடாது என்று ஒவ்வொரு முறையாகச் சொல்லி எழுதி வைத்தார்கள். சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், மாமனார், மனைவியோடு பிறந்தவன், அக்காள் தங்கையைக் கட்டியவன், அவர்கள் பெற்ற பிள்ளைகள், மகளைக் கட்டிய மருமகன், தகப்பன், மகன்.

ஊழல் எந்த வழியாகப் போகும் என்பதை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்த சபை அது. ஏரி வாரியத்தில் நான் தின்றால் அடுத்த ஆண்டு என் மைத்துனனை உட்கார வைத்துக் கணக்கை மூடிவிடுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவனுக்கும் தனி விதி வைத்தார்கள்: அவன் எழுதிய கணக்கை அவனே ஒப்புவிக்க வேண்டும்; அவனுக்குப் பதிலாக இன்னொருவன் வந்து முடித்துவைக்கக் கூடாது.

இப்போது அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். தாய், சின்னம்மா, பெரியம்மா, அத்தை, மனைவி, அக்காள், தங்கை, மகள் எல்லாரும் வருகிறார்கள். உறவை அடையாளம் காட்ட வருகிறார்கள். தடுக்கப்பட்டவர்களின் வரிசையில் ஒரு பெண்கூட இல்லை. கணக்குக் காட்டாதவனின் மனைவி ஓலைக்கு வரக்கூடாது என்று எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை. பெண்ணுக்கு இடமில்லை என்று தனியாக ஒரு வரியும் வேண்டியிருக்கவில்லை. காணிக்கடன் செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதப் பயிற்சி என்று தகுதியை வைத்தபோதே கதவு சாத்தியாகிவிட்டது. அது பிரம்மதேயச் சபை, பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. ஆகவே பெண்களுக்கு மட்டும் சாத்திய கதவும் அல்ல, இந்த ஊரில் உழுதவர்களுக்கும் சாத்திய கதவு. உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் பூரிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வது நல்லது.

நிலத்தை வைத்து அளப்பது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. ஆனால் 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெண்கள் கையில் இருக்கும் சாகுபடி உடைமைகள் ஏறக்குறைய 14 விழுக்காடுதான். அந்தச் சபையின் விதியை இன்று இந்த மண்டபத்தில் போட்டுப் பார்த்தால் முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பெண் சமத்துவத்துக்கும் ஊழலுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை உலக அளவில் சூடாக்கியது 1999இல் உலக வங்கிக்காக டேவிட் டாலர், ரேமண்ட் ஃபிஸ்மன், ராபர்ட்டா கட்டி ஆகியோர் எழுதிய ஆய்வறிக்கை. நாடாளுமன்றத்தில் பெண்கள் அதிகமாக உள்ள நாடுகளில் ஊழல் குறைவாக இருக்கிறது என்றார்கள். பெண்களைக் கொண்டுவந்தால் ஊழல் போய்விடும் என்று உடனே ஒரு கூட்டம் புறப்பட்டது. பெரு நாட்டின் லிமா நகரில் அந்தக் காலத்தில் போக்குவரத்துக் காவலைப் பெண்களிடம் கொடுத்திருந்தார்கள். பெண்கள் மாமூல் வாங்க மாட்டார்கள் என்பது நம்பிக்கை. ஆன் மேரி கோட்ஸ் என்ற அறிஞர் இந்த நம்பிக்கையைக் கடுமையாக விமர்சித்தார். அரசியலைச் சுத்தம் செய்யப் பெண்களைத் துடைப்பம் போலப் பயன்படுத்தப் பார்க்கிறீர்கள். லஞ்சம் கைமாறுகிற ஆண்களின் வட்டத்துக்குள் அவர்களை விடாமலே வைத்துவிட்டு, வாய்ப்பில்லாததைத் தூய்மை என்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 2003இல் ஹங்-என் சுங் என்பவர் வேறொரு கோணத்தில் காட்டினார்: சுதந்திரமான பத்திரிகையும் நீதிமன்றமும் உள்ள ஆட்சிமுறையில் பெண்களும் மேலே வருகிறார்கள், ஊழலும் குறைகிறது, ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அவசரப்பட வேண்டாம் என்றார். 2009இல் வெளியான ஓர் ஆய்வு ஆஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் ஆண்களையும் பெண்களையும் உட்கார வைத்து லஞ்ச விளையாட்டு ஆட வைத்தது. ஆஸ்திரேலியாவில் பெண்கள் லஞ்சத்தைக் குறைவாகச் சகித்தார்கள். மற்ற மூன்று நாடுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்குப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. பெண் என்றால் தூய்மை என்று இங்கே மேடையில் சொன்னால் அவை சிரிக்கும். ஒரு பெண் முதல்வருக்கு எதிரான சொத்துக்குவிப்பு வழக்கு 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை, 2017இல் அவர் மறைவுக்குப் பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று போனதை நாம் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். ஆகவே யார் யோக்கியர் என்ற விசாரணையை விட்டுவிடுகிறேன். என் கேள்வி வேறு. ஊரில் யார் கணக்குக் கேட்க முடியாதபடி வைக்கப்பட்டிருக்கிறார்களோ, அவர்கள் தலையில்தான் ஊழல் முதலில் விடிகிறது. அவர்கள் கேட்க முடியாததாலேயே அது வளர்கிறது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

பிரசவ வார்டிலிருந்து பார்ப்போம். பிள்ளை பிறந்ததும் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டுகிறவர் கையை நீட்டுவார். என்ன பிள்ளை என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஆண் என்றால் ஒரு விலை, பெண் என்றால் அதற்குக் கீழே. பெண் பிள்ளை என்றால் சில இடங்களில் 'பார்த்துக் கொடுங்க' என்று குரலும் இறங்கிவிடும். மாநிலத்தில் ஊர் ஊராகச் செய்தித்தாளில் வந்தது இது. வாசலில் காத்திருந்த பாட்டிகள் எல்லாருக்கும் தெரியும். பெண்ணுக்கு இந்தச் சமூகம் எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறது என்பதை எந்த ஆய்வறிக்கையைவிடவும் நேராகச் சொல்வது அந்த லஞ்சத்தின் விலைப்பட்டியல்தான். கொடுப்பவர் யார் என்றும் கவனியுங்கள். கட்டிலில் கிடப்பவள் கொடுப்பதில்லை. அவளுடைய அம்மா இடுப்பில் செருகிய சுருக்குப்பையிலிருந்து போகும். பெண்ணைப் பெற்றவள் பணத்தையும் கொடுத்து, மகள் பெண் பெற்றதற்காகத் திட்டும் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அங்கே தொடங்கினால் வரிசை நீளம். மகப்பேறு நிதியுதவித் தவணை, விதவை உதவித்தொகை, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, புருஷன் செத்த பிறகு பட்டா மாற்றம், வீடு கட்டும் திட்டத்தில் பில். அரசாங்கத்தின் கவுண்டரில் அதிகம் நிற்பது பெண்தான். ஆணுக்கு ஆபீசில் தெரிந்த ஆள் இருப்பான், டீக்கடையில் பேசி முடித்துவிடுவான். அவளுக்கு அந்த டீக்கடை பெஞ்சு கிடையாது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்குப் பேருந்து ஏறி வருவாள். 'சார் கேம்ப் போயிட்டார், நாளைக்கு வாங்க' என்பார்கள். மூன்றாம் முறை வரும்போது வாசலில் நிற்கும் புரோக்கர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அவருக்கு. ஆணுக்கு ஒரு லஞ்சம் என்றால் பெண்ணுக்கு லஞ்சமும் தரகும் சேர்த்து. சமத்துவமின்மை ஊழலுக்கு எப்படித் தீனி போடுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய கோட்பாடு வேண்டியதில்லை.

இதில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. இடையில் கை இல்லை என்பதே அதில் எனக்குப் பிடித்த பகுதி. விண்ணப்பத்தை நிராகரித்தால் மேல்முறையீடு என்று போகும்போதுதான் மறுபடியும் அந்தக் கவுண்டர் வருகிறது.

பணமாக வாங்காத லஞ்சமும் உண்டு. கையெழுத்துக்கு உடம்பைக் கேட்பது. எவளும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சொன்னால் வீட்டில் அடி, ஊரில் பேச்சு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஆதாயம் என்பது பணத்தை மட்டும் குறிப்பதில்லை என்று இருக்கிறது. ஆனால் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். பிரசவமாகி ஐந்தாம் நாள் பச்சை உடம்போடு எந்தத் தாய் லஞ்ச ஒழிப்புத்துறை அலுவலகத்தைத் தேடிப் போவாள்? உடம்பைப் பறிகொடுத்தவள் ஏழு நாளில் எப்படி வாய் திறப்பாள்? சட்டம் எழுதியவர்கள் மேசையில் அன்று பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். 2018 டிசம்பரில் ஜம்மு காஷ்மீர் மட்டும் பாலியல் லஞ்சத்தைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியது.

சரி, நாற்காலியே பெண்ணுக்குக் கொடுத்தாயிற்றே என்பீர்கள். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு, 2016 சட்டத்தால் பாதி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. உத்திரமேரூர் ஒன்றியத்தின் 73 ஊராட்சிகளிலும் ஏறக்குறைய பாதி நாற்காலி பெண்களுக்கு.

நாற்காலி என்று சொல்லும்போதே தெற்குத்திட்டை நினைவுக்கு வருகிறது. கடலூர் மாவட்டத்தின் அந்த ஊராட்சியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில். படம் வந்த பிறகு வழக்கு, கைது எல்லாம் நடந்தது. படம் வராத ஊர்களும் இருக்கும். அதைச் சாதி அவமதிப்பு என்று மட்டும் படித்தோம், சரிதான். ஆனால் கணக்கு வழக்காகவும் படிக்க வேண்டும். தரையில் உட்காரும் தலைவர் எந்த வவுச்சரை நிறுத்தி வைப்பார்?

நம் சட்டத்தில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு. ஒருவரை ஒருவர் கண்காணிக்கலாம். ஆனால் துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. வார்டு உறுப்பினர்கள் கூடி எடுப்பது. ஒதுக்கீட்டால் தலைமையை இழந்த வீடு அந்த இரண்டாவது நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். 'என் பங்கு வராமல் கையெழுத்து வராது' என்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. நாலு தடவை ஊரில் இல்லாமல் போனால் போதும். குழாய் மோட்டார் ரிப்பேர் பில் நிற்கும், தண்ணீர் வராது, குடத்தோடு பெண்கள் வந்து பெண் தலைவரைத்தான் திட்டுவார்கள்.

இன்னொரு பக்கம் வீடு. இந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் கிராமசபை முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு தலைவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு ஓவர்சியர் வந்து, "அண்ணன் எங்கம்மா? சாவி வேணும்" என்றார். ஆன்லைனில் பணம் விடுவிக்கும் டிஜிட்டல் கையொப்பச் சாவியைத்தான் கேட்டார். பென் டிரைவ் மாதிரி இருக்குமே, அது. தலைவர் அம்மா பெயரில் பதிவான சாவி. அண்ணன் என்றது அவர் கணவரை; சாவி அந்த அண்ணன் சட்டைப்பையில் இருந்தது. ஓடிபி வரும் நம்பரும் அண்ணனுடையது. அம்மா எந்தக் கூச்சமும் இல்லாமல், "அவர் குரோம்பேட்டை போயிருக்காரு, சாயங்காலம் வாங்க" என்றார். கையெழுத்து போடத் தெரியாத தலைவர்களைப் பற்றி நாம் முப்பது ஆண்டாகப் பேசினோம். இவர் பட்டப்படிப்பு படித்தவர்.

மனைவியின் நாற்காலியில் இப்படி ஆட்சி நடத்தும் கணவனை வடக்கே 'சர்பஞ்ச் பதி' என்கிறார்கள். 2023இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுநல மனு போய், அது அமைச்சகத்தைப் பார்க்கச் சொல்ல, பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒரு குழு போட்டது. பெண் தலைவர் பெயரில் ஆட்சி நடத்தும் ஆண்களுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்திருக்கிறது. 921இல் இந்த ஊர்ச் சபை மைத்துனன் வரை யோசித்தது. புருஷனை யோசிக்க நமக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. தப்பு நடந்து தணிக்கை வந்தால் சட்டப்படி மாட்டிக்கொள்வது யார் தெரியுமா? சாவி யார் பையில் இருந்தது என்று தணிக்கைக் குறிப்பில் வராது.

வளைந்துகொடுக்காத பெண்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு மதுரை லீலாவதி. 1996இல் வில்லாபுரத்தில் மாநகராட்சி உறுப்பினராக வென்றவர். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். லாரித் தண்ணீர் விற்றுக் காசு பார்த்த கூட்டத்துக்கு எதிராக நின்று, குழாயில் குடிநீர் வரப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தண்ணீர் ஊழலைப் பற்றி எந்த ஊரில் பேசினாலும் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆய்வுகள் இந்தப் பஞ்சாயத்து நாற்காலியைப் பற்றி என்ன சொல்கின்றன? எஸ்தர் டஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் பார்த்தார்கள். பெண் தலைமையில் குடிதண்ணீருக்குச் செலவு கூடியது. டஃப்லோ பின்னர் பெட்டியா தோப்பலோவாவுடன் செய்த ஆய்வில் வந்த முடிவு எனக்கு மிகவும் வலித்தது. பெண் தலைவர் ஊர்களில் மக்கள் லஞ்சம் கொடுத்தது குறைவு, தண்ணீர் வசதி மேல். ஆனாலும் அந்த மக்களுக்குத் திருப்தி குறைவு. நல்லது செய்தாலும் நம்ப மாட்டேன் என்கிறது ஊர்.

இதற்கு எதிர்த்திசையில் ஒன்று. ஃபர்ஜானா அஃப்ரிதி குழுவினர் ஆந்திரத்தில் நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கை அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்தார்கள், 2017இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் தொடக்கத்தில் முறைகேடு அதிகம். பெண்கள் வந்தால் சுத்தம் என்று நம்பியவர்களுக்கு இது கசக்கும். காரணம் அனுபவமின்மை, அலுவலர்களும் மற்றவர்களும் புதியவரை ஏமாற்றுவது சுலபம். ஆனால் நாள் போகப் போக அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அவர்கள் கற்றுக்கொண்டார்கள். இந்த ஓர் ஆய்வுக்காக மற்ற பத்தை விட்டுக்கொடுப்பேன், ஏனென்றால் இது பெண்ணைத் தெய்வமாக்கவில்லை, வேலை பழகும் மனுஷியாகப் பார்க்கிறது.

'அவங்களுக்குக் கணக்கு என்னங்க தெரியும்' என்று இந்த ஒன்றியத்திலும் கேட்டிருக்கிறேன். கேட்பவர் வீட்டிலேயே குழுத் தலைவி இருப்பார். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று இல்லாத தெரு இல்லை. சந்தா, உள்கடன், வட்டி, தவணை, வங்கிப் பாஸ்புத்தகம், தீர்மான நோட்டு என்று வாரா வாரம் கூடிக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒருத்தி நூறு ரூபாய் குறைத்துக் கட்டினால் மற்றவர்கள் விடுவதில்லை. இதே பெண்கள் கிராமசபைக்கு வந்தால் பாயில் உட்கார்ந்து, கையெழுத்து நோட்டு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியது என்று வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பெண்ணை, 'எழுதியாச்சும்மா, போம்மா' என்று அனுப்பியதைப் பார்த்தேன். குழு நோட்டில் நூறு ரூபாயை விடாதவள்தான் அவள்.

கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தான். 1994 டிசம்பரில் கோட் கிராணா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு பொது விசாரணை வைத்தது. ஊராட்சியின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். அந்த அமைப்பின் அருணா ராயும் அவர் தோழர்களும் கூட இருந்தார்கள். கூலியில் ஏமாற்றப்பட்ட ஏழைத் தொழிலாளிகள் எழுந்து சாட்சி சொன்னார்கள். 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது முழக்கம். அந்தக் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெண்கள் ஏராளம். அங்கிருந்து வளர்ந்ததுதான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அவர்கள் தூய்மையானவர்கள் என்பதால் அது நடக்கவில்லை. கூலி குறைந்தது அவர்களுக்கு, ஆகவே கேட்டார்கள்.

ஆகையால் சின்னச் சின்னதாகச் சிலவற்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வரவு செலவு அறிக்கையைப் பலகையில் ஒட்டினால் போதாது, சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிப்பது குழுப் பெண் ஒருத்தியாக இருக்கட்டும். சமூகத் தணிக்கையில் உழைக்கும் குடும்பங்களிலிருந்து ஆள் எடுக்க விதி இருக்கிறது. அந்த இடங்களுக்கு நம் பெண்கள் மனுப் போடட்டும். டிஜிட்டல் சாவி தலைவரின் தொலைபேசி எண்ணோடு மட்டுமே இணைந்திருக்க வேண்டும் என்று வட்டார வளர்ச்சி அலுவலர் ஒரு நாள் உட்கார்ந்து 73 ஊராட்சியையும் சரிபார்க்கலாம். பெரிய செலவில்லை.

பிறகு அடுத்த தேர்தல். தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டுச் சுழற்சி பத்தாண்டுக்கு ஒரு முறை. ஆகவே 2021இல் வென்ற பெண் அதே நாற்காலிக்கு மறுபடியும் நிற்க வழி இருக்கிறது. வேட்பாளர் பட்டியல் வந்ததும் எடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் மறுபடி நிற்கிறார்கள் என்று. பல வீடுகளில் இந்தத் தடவை மூத்த மருமகள், அடுத்த தடவை சின்ன மருமகள் என்று முடிவாகியிருக்கும். ஐந்து ஆண்டில் எஸ்டிமேட் எது, அளவுப் புத்தகம் எது என்று பழகிவிட்ட கையை விலக்கிவிட்டு, பழகாத கையைக் கொண்டுவருவது யாருக்கு வசதி என்று அந்த ஊர் ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு நன்றாகத் தெரியும்.